நிறுத்திய லாரியில் இரவுத் தூக்கம்: விசிறிக்கு எத்தனை ஆம்பியர், ஏசிக்கு எத்தனை?

மே மாதம் நாமக்கல்லில் லோடு ஏற்றி என்ஹெச் 44 பிடித்து வடக்கே போகிற வண்டிக்கு அனந்தபூர், கர்னூல், அடிலாபாத், நாக்பூர் என்று வழி முழுக்க அனல்தான். ஓடும்போதாவது ஜன்னல் காற்று அடிக்கும். இரவு 10 மணிக்கு தாபாவில் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்த பிறகுதான் கேபின் வேகத் தொடங்கும். அந்தச் சூட்டில் புரண்டு புரண்டு படுத்துவிட்டு, காலை 5 மணிக்கு 40 டன் வண்டியை ரோட்டில் ஏற்ற வேண்டும்.

2025-ல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, புதிதாகத் தயாராகும் என்2, என்3 வகை லாரிகளுக்கு, அதாவது மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளுக்கு, ஏசி கேபின் கட்டாயம். நல்ல விஷயம். ஆனால் அந்த ஏசியின் கம்ப்ரஸரைச் சுற்றுவது இன்ஜின் பெல்ட். இன்ஜின் நின்றால் ஏசியும் நின்றுவிடும். ராத்திரி முழுக்க ஐடிலில், அதாவது நின்ற வண்டியில் இன்ஜினை ஓடவிட்டால் மணிக்குச் சுமார் 2 லிட்டர் டீசல். 8 மணி நேரத்துக்கு 16 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்றே வைத்தாலும் 1,440 ரூபாய். மைலேஜ் பார்த்து டீசல் கணக்குக் கேட்கும் இடத்தில் எந்த டிரைவரும் அந்த சுவிட்சைத் தொடமாட்டார். ரோட்டில் இருக்கும் பழைய வண்டிகள் பெரும்பாலானவற்றுக்கு ஏசியே கிடையாது. ஆகவே இன்ஜின் அணைந்த 8 மணி நேரத்தை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் கேள்வி. அதற்கு விடை பாதி கேபின் தகட்டில் இருக்கிறது, மீதி பேட்டரியில் இருக்கிறது.

முதலில் சூடு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நம் லாரிகளில் பெரும்பாலும் கேபினுக்கு நேர் கீழே இன்ஜின். நாள் முழுக்க ஓடிய இன்ஜினில் கூலன்ட் 85, 90 டிகிரியில் இருக்கும். அரை டன் இரும்பு அது. ஆற இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். அந்த அனல் மேலே ஏறி, கியர் லீவர் ரப்பர், பெடல் ஓட்டை, ஸ்டீயரிங் தண்டு வரும் துளை, ஒயர்கள் நுழையும் இடம் என்று கிடைத்த வழியில் எல்லாம் கேபினுக்குள் வரும். ஓட்டைகளைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. இருட்டிய பிறகு கேபின் விளக்கை அணைத்துவிட்டு, கீழே இன்ஜின் பக்கம் ஒரு டார்ச்சை எரியவிட்டு, உள்ளே உட்கார்ந்து கால் பக்கம் பாருங்கள். கிழிந்த கியர் ரப்பரைச் சுற்றி வளையமாக வெளிச்சம் தெரியும். பெடல் பக்கம் ஊசி ஊசியாகப் புள்ளிகள் தெரியும். வெளிச்சம் வருகிற ஒவ்வொரு புள்ளியிலும் அனலும் டீசல் வாடையும் வரும். கியர் ரப்பரை மாற்றுங்கள், ஒயர் துளைகளுக்கு ரப்பர் கிராமெட் (துளையை அடைக்கும் வளையம்) போடுங்கள். இன்ஜின் மூடியின் அடியில் அலுமினிய முகம் வைத்த கண்ணாடிக் கம்பளி (கிளாஸ் வூல்) ஒட்டலாம். தெர்மாகோல் வேண்டவே வேண்டாம். அந்தச் சூட்டுக்கு உருகும், தீப்பிடித்தால் அணைக்க முடியாது. ஏற்கெனவே இருக்கும் பஞ்சு டீசலிலும் ஆயிலிலும் ஊறியிருந்தால் அன்றைக்கே பிடுங்கி எறியுங்கள்.

அடுத்தது கூரை. பாடி கட்டும்போதே தகட்டுக்கும் ரெக்சினுக்கும் நடுவே 12 முதல் 20 மில்லிமீட்டர் நைட்ரைல் ரப்பர் ஷீட் வைக்கச் சொன்னால் செலவு சொற்பம். பிறகு ரெக்சினைக் கிழித்து வைப்பது இரட்டை வேலை. மேல் தகட்டுக்கு வெள்ளைப் பெயின்ட். தார்ப்பாயைக் கேபின் மேலே தகட்டோடு ஒட்டிப் போடுவது வழக்கம். அதையே நாலு கட்டையின் மேல் மூன்று நாலு அங்குலம் தூக்கிக் கட்டினால் கூரைக்கு நிழலும் ஆகும், இடையில் காற்றும் ஓடும்.

நிறுத்தும் இடத்திலும் கொஞ்சம் யோசனை வேண்டும். கான்கிரீட் தரை நள்ளிரவு வரை சூட்டைக் கக்கும். மண் தரை சீக்கிரம் ஆறிவிடும். முன் கண்ணாடி மேற்குப் பார்க்கும்படி நிறுத்தினால், காலை வெயிலைப் பின்னால் இருக்கும் பாடி வாங்கிக்கொள்ளும், கேபின் நிழலில் இருக்கும். கிழக்குப் பார்த்து நிறுத்தினால் 6 மணிக்கே கண்ணாடி வழியாக வெயில் முகத்தில் அடிக்கும். வண்டி நின்றதும் இரண்டு கதவையும் கால் மணி நேரம் விரியத் திறந்து வையுங்கள். படுக்கை ஃபோம் பகல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். அதன் மேல் ஒரு கோரைப்பாய் விரித்தால் முதுகுக்கும் ரெக்சினுக்கும் நடுவே காற்று போகும். விலை குறைந்த பொருளில் இவ்வளவு பயன் தருவது வேறு எதுவும் இல்லை.

இனி பேட்டரி. லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறோம். 150 ஏஹெச் (ஆம்பியர்-அவர், அதாவது எத்தனை ஆம்பியரை எத்தனை மணி நேரம் தரும் என்ற கொள்ளளவு) பேட்டரி இரண்டு இருந்தால் 300 ஏஹெச் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தொடரில் வோல்ட்தான் கூடும், ஏஹெச் 150-தான். அமிலப் பேட்டரியில் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும், காலையில் செல்ஃபும் அடிக்காது. ஆக, கையில் இருப்பது 75 ஏஹெச். பேட்டரி இரண்டு வருஷம் ஓடியது என்றால் 50 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது செலவைப் பாருங்கள். 20 வாட் 24 வோல்ட் விசிறி இழுப்பது 0.8 ஆம்பியர் சொச்சம். 8 மணி நேரத்துக்கு 7 ஏஹெச் கூட ஆகாது. இரண்டு விசிறி போட்டாலும் 14-க்குள். ‘விசிறி போட்டால் பேட்டரி இறங்கிடும்’ என்று சொல்கிற ஓனர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். நல்ல பேட்டரியை விசிறி இறக்காது. இறங்குகிறது என்றால் பேட்டரி ஏற்கெனவே படுத்துவிட்டது, அல்லது டைனமோ சரியாகச் சார்ஜ் ஏற்றவில்லை, அல்லது யாரோ ஒற்றைப் பேட்டரியில் ஒயர் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தக் கடைசித் தப்புதான் ரொம்பச் சகஜம். 12 வோல்ட் கார் விசிறி, 12 வோல்ட் பாட்டு செட் எதையாவது வாங்கி, இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் இழுத்துவிடுவார்கள். அந்த ஒன்று தினமும் இறங்கும், மற்றது நிறைந்தே இருக்கும். டைனமோவுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. 28 வோல்ட் சுமாரில் இரண்டுக்கும் சேர்த்துத்தான் ஏற்றும். இறங்கியது முழுதாக ஏறாது, நிறைந்தது கொதித்துத் தண்ணீர் வற்றும். சில மாதத்தில் இரண்டும் போய்விடும். 24 வோல்ட் விசிறியே வாங்குங்கள், இல்லையென்றால் 24-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் போடுங்கள். விசிறிக்கு 2.5 ஸ்கொயர் மில்லிமீட்டர் ஒயர், 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும்.

மல்டிமீட்டர் ஒன்று வண்டியில் இருக்கட்டும். இன்ஜின் அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து 25.4 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 24.4 என்றால் பாதி. அணைத்த உடனே பார்த்தால் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். வோல்டேஜ் குறைந்தால் தானே துண்டிக்கும் கட்-ஆஃப் போட்டால் விசிறிக்கு 24.2-ல் வையுங்கள். ஏசி மாதிரிப் பெரிய லோடுக்கு ஓடும்போதே வோல்ட் தணியும், அதனால் 23 சுமாரில் வைக்கலாம். 21-ல் வைத்தால் அது இருந்தும் பயனில்லை; அதற்கு முன்பே செல்ஃப் செத்திருக்கும். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் பார்க்க வேண்டும். தகட்டுக்கு மேலே ஒரு விரல் தடிமன் தண்ணீர் நிற்கட்டும்.

24 வோல்ட் ஏர் கூலர் எங்கே உதவும், எங்கே உதவாது என்பதை ஊர் தீர்மானிக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது முக்கால் யூனிட் கரண்டுக்குக் கொஞ்சம் குறைவான சூட்டை எடுத்துக்கொண்டு போகும். காற்று வறண்டிருந்தால்தான் அது ஆவியாகும். நாக்பூரில் இரவு 36 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்றால், நல்ல பேட் வைத்த கூலர் 26 டிகிரிக் காற்று தரும். சென்னைத் துறைமுகத்தில் 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் 29-க்குக் கீழே இறங்காது, அதோடு கேபின் முழுக்கப் புழுக்கம். எண்ணூர், தூத்துக்குடி, விசாகப்பட்டினம் போகிற வண்டிக்குக் கூலர் வேண்டாம். கர்னூலுக்கு மேலே போகிற வண்டிக்குத் தங்கம். பம்பும் ஊதியும் சேர்ந்து 70 வாட், அதாவது 3 ஆம்பியர். ராத்திரிக்கு 24 ஏஹெச். நம் 75-க்குள் அடங்கும். கூலர் ஓடும்போது எதிர்ப்பக்க ஜன்னலை நாலு விரல் திறந்தே வைக்க வேண்டும். மூடிக்கொண்டு படுத்தால் அரை மணியில் ஈரம் தேங்கி, கூலர் வெறும் விசிறியாகிவிடும். ஜன்னலில் நனைத்த வெட்டிவேர்த் தட்டி கட்டி, பின்னால் விசிறி வைத்தாலும் இதே வேலைதான். மணத்துக்காகவே அதைச் சிபாரிசு செய்வேன்.

பார்க்கிங் ஏசி என்று பேட்டரியில் ஓடுவது விற்கிறார்கள். கேபின் குளிர்ந்த பிறகு சராசரி 25 ஆம்பியர் என்று வைத்தாலும் 8 மணி நேரத்துக்கு 200 ஏஹெச். வண்டிப் பேட்டரியில் மாட்டினால் மூன்று மணி நேரம் வரும், காலையில் தள்ளி ஸ்டார்ட் செய்ய ஆள் தேட வேண்டும். அதற்குத் தனியாக 25.6 வோல்ட் 200 ஏஹெச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வேண்டும். அதில் 170 வரை எடுக்கலாம், ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதை டைனமோவில் நேராக இணைக்காதீர்கள். லித்தியம் கொடுக்கிற கரண்டை எல்லாம் விழுங்கும். டைனமோ முழுச் சுமையில் சூடேறி டயோடு போய்விடும். நடுவே கரண்டை அளவாக விடும் 40 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் போட்டால் நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான ஓட்டத்தில் நிறையும். 80 ஆம்பியர் டைனமோ இதைத் தாங்கும், பழைய சின்ன டைனமோ தாங்காது.

ஒயரிங்கில்தான் தீ வருகிறது. ஏசிக்கு 6 மீட்டர் ஓட்டத்துக்கு 16 ஸ்கொயர் மில்லிமீட்டர் செம்பு ஒயர் குறைந்தபட்சம். 25 போட்டால் நிம்மதி. ஃபியூஸ் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும், ஏசிக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவில் ஒயர் உரசும்போது காப்பாற்றாது. மாதம் ஒருமுறை ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது லக் (ஒயர் முனையில் அழுத்தியிருக்கும் உலோக வளையம்) பக்கத்து ஒயர் உறையை விரலால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியவில்லை, உறை பழுப்பேறி இறுகியிருக்கிறது, நட்டைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது என்றால், அந்த லக்கை வெட்டிப் புதிது அழுத்த வேண்டும். நட்டை மட்டும் இறுக்கினால் தீராது. எல்பிஜி, பெட்ரோல் டேங்கர்களில் வெளிப்பட்டறையில் ஒரு ஒயர் கூடச் சேர்க்கக் கூடாது.

ஐடிலில் விட்டுத் தூங்குவதில் டீசலைவிடப் பெரிய கவலை இருக்கிறது. வரிசையாக நிற்கும் வண்டிகளில் பக்கத்து வண்டிப் புகை உங்கள் கேபினுக்குள் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். சின்ன ஜெனரேட்டரைக் கேபின் பின்னால் தொங்கவிடுவதும், ஜன்னலை மூடிக்கொண்டு ஸ்டவ் பற்றவைப்பதும் இதே ஆபத்துதான். பிஎஸ் 6 வண்டியில் நீண்ட ஐடில், புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப்-பில் கரியைச் சேர்க்கும். நின்ற இடத்தில் ரீஜெனரேஷன், அதாவது அந்தக் கரியை எரித்துத் தள்ளும் வேலை, ஓடினால் புகைக்குழாய்ப் பக்கம் 500 டிகிரிக்கு மேல் போகும், கீழே காய்ந்த புல்லோ வைக்கோலோ இருக்கக் கூடாது.

கேபின் தாங்கவில்லை என்று வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். பின்னால் நிற்கும் ஆள் இருட்டில் வண்டியை எடுத்தால் முடிந்தது. லோடு மேல் படுத்தால் புரண்டு விழும் பயமும், தாழ்ந்து போகும் மின்கம்பியும். தாபா கயிற்றுக் கட்டில் எவ்வளவோ மேல். நெடுஞ்சாலை பங்க்குகள் சிலவற்றில் எண்ணெய் நிறுவனங்கள் ‘அப்னா கர்’ என்ற பெயரில் டிரைவர்களுக்குப் படுக்கையும் குளியலறையும் வைத்திருக்கின்றன. வழியில் எது இருக்கிறது என்று லோடு ஏற்றும்போதே பார்த்துக்கொள்ளலாம். டீசல் திருட்டுக்குப் பயந்து கேபினிலேயே கிடக்கும் டிரைவருக்கு, டேங்க் மூடிக்கு ஒரு நல்ல பூட்டு வாங்கிக் கொடுக்க வேண்டியது ஓனர்.

கேபினுக்குள் 40 டிகிரிக்கு மேல் இருக்கும்போது காய்ந்த உடம்பில் விசிறி அனலைத்தான் வீசும். துண்டை நனைத்துக் கழுத்திலும் மார்பிலும் போட்டுக்கொண்டு விசிறியைத் திருப்புங்கள். ஓஆர்எஸ் பாக்கெட் பெரியது ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர்; பாதி பாட்டிலில் கலக்காதீர்கள். கூட இருப்பவர் உளறினாலோ, எழுப்பியும் எழவில்லை என்றாலோ, உடம்பு கொதித்தாலோ அது வெப்பத் தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்). 108-க்கு, அல்லது தேசிய நெடுஞ்சாலையில் 1033-க்கு அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா நிற்காமல் சட்டையைக் கழற்றி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் அக்குளிலும் கழுத்திலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். நினைவு தெளியாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக் குழலுக்குள் போய்விடும்.