வான்கோழிக்காக எல்லை கடந்த ஒரு 12 போர் (bore) துப்பாக்கி

ஒன்டாரியோவில் அடியோடு அற்றுப்போயிருந்த காட்டு வான்கோழி, 1984-ஆம் ஆண்டு தொடங்கி அமெரிக்க மாநிலங்களிலிருந்து பறவைகளைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் மீண்டும் பெருகியது. அவற்றின் வழிவந்த கிழக்கத்திய இனத்தை டொரண்டோவுக்கு வெளியே சோளக்கொல்லைகளின் ஓரத்தில் ஏழெட்டு வசந்தங்களாக வேட்டையாடிவரும் எனக்கு, வாலிறகின் நுனி சந்தன நிறத்தில் வெளிறியிருக்கும் ரியோ கிராண்டே இனத்தை அதன் சொந்த மண்ணிலேயே பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது. சென்ற ஏப்ரலில் நண்பர் ஒருவருடன் டெக்சாஸ் சென்று வந்தேன். வேட்டையைவிட அதற்கு முந்தைய இரண்டு மாதங்களே கடினமாக இருந்தன என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

டெக்சாஸில் நிலத்தின் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தமானது. வெளியூரிலிருந்து செல்பவர் பெரும்பாலும் தாமாகவே காட்டுக்குள் நுழைய இயலாது. பண்ணை உரிமையாளருடன் ஒப்பந்தம் வைத்திருக்கும் வழிகாட்டி ஒருவரைப் பிடிக்க வேண்டும். நாங்கள் பிடித்தவர் லானோ ஆற்றங்கரையில் உள்ள ஒரு மாட்டுப்பண்ணையில் மூன்று நாள் வேட்டை நடத்துபவர். தங்குமிடமும் உணவும் அவர் பொறுப்பு. வெளி மாநிலத்தாருக்கென்று உள்ள வசந்தகால வான்கோழி உரிமத்தை 126 டாலர் செலுத்தி இணையத்திலேயே வாங்கிவிட்டோம். வேட்டைப் பயிற்சிக்கு ஒன்டாரியோ சான்றிதழே போதுமானதாக இருந்தது. இதுவரை எல்லாம் ஒரு மாலைப்பொழுதில் முடிந்த வேலை.

சிக்கல், என் சொந்தத் துப்பாக்கியைத்தான் கொண்டுசெல்வேன் என்று நான் பிடித்த பிடிவாதத்தில் தொடங்கியது. அமெரிக்கக் குடிமகன் அல்லாத ஒருவர் வேட்டைக்காகத் துப்பாக்கியைத் தற்காலிகமாக அந்நாட்டுக்குள் கொண்டுசெல்ல, ஏடிஎஃப் என்னும் கூட்டாட்சி முகமையிடம் 6என்ஐஏ என்ற படிவத்தில் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். துப்பாக்கியின் தயாரிப்பாளர், மாதிரி, வரிசை எண் ஆகியவற்றைக் குறித்து, டெக்சாஸ் உரிமத்தின் நகலையும் இணைத்து, பிப்ரவரித் தொடக்கத்தில் அனுப்பினேன். ஒரு மாதத்துக்கும் மேல் காத்திருந்து அனுமதி வந்தது. அதைத் துப்பாக்கியோடு ஒப்பிட்டுப் பார்த்த இரவில்தான், குழலின் அடியில் தேய்ந்துபோயிருந்த 'பி' என்ற எழுத்தை நான் 8 என்று எழுதியிருந்தது தெரிந்தது. தவறு முழுக்க என்னுடையது. திருத்தம் கேட்டு எழுதிவிட்டு ஒவ்வொரு நாளும் மின்னஞ்சலைத் திறந்து பார்த்தேன். புறப்படுவதற்கு நான்கு நாட்களுக்கு முன்புதான் திருத்திய தாள் கைக்கு வந்தது.

உடன் வந்த நண்பருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அவர் இந்தியக் கடவுச்சீட்டில் கனடாவில் பணிபுரிபவர்; வழிகாட்டியின் துப்பாக்கியையே பயன்படுத்திக்கொள்வதென்று முதலிலேயே முடிவு செய்துவிட்டார். ஆனால் அவரைப் போன்று அமெரிக்க விசாவில் நுழைபவர்கள் ஒன்றை மறக்கலாகாது. அந்நாட்டுச் சட்டப்படி, குடியேறாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே பொதுவாகக் குற்றம். அங்கு வழங்கப்பட்ட செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. ஆகவே இரவல் துப்பாக்கிதானே என்று உரிமத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது.

திரும்பி வரும்போது துப்பாக்கி என்னுடையதுதான் என்று காட்டுவதற்காக, கனடிய எல்லைச் சேவை அலுவலகத்தில் வரிசை எண்ணைப் பதிந்து ஓர் அட்டை வாங்கிக்கொண்டேன். விமான நிலையத்துக்கு நான்கு மணி நேரம் முன்னதாகச் சென்றோம். தோட்டா நீக்கிய துப்பாக்கி பூட்டிய கெட்டிப் பெட்டியில் இருக்க வேண்டும். தோட்டாக்கள் அவற்றின் மூலப் பொதியிலேயே, ஐந்து கிலோவுக்கு மிகாமல் இருக்க வேண்டும். டொரண்டோவில் அமெரிக்கச் சுங்கச் சோதனை புறப்படும் முன்பே முடிந்துவிடும் என்பதால் பெட்டியைத் திறந்து காட்டுவதும் அங்கேயே நடந்தது. "அண்ணா, உங்க பொட்டி பூஜை முடியறதுக்குள்ள நான் ஒரு காபி குடிச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு நண்பர் போய்விட்டார். அவர் இரண்டாவது காபியையும் முடித்திருந்தார், நான் வெளியே வரும்போது.

சான் அன்டோனியோவில் இறங்கி வடமேற்கே இரண்டு மணி நேரம் வண்டியோட்டிச் சென்றபோது, சாலையின் இருபுறமும் தெரிந்த மரங்கள் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. அங்கே மெஸ்கீட் என்று அழைக்கப்படும் மரம், நான் பிறந்த இராமநாதபுரத்தை மூடிக்கிடக்கும் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு; அதன் காலடியில் சப்பாத்திக் கள்ளி வேறு. பத்தாயிரம் கல் தாண்டி வந்து ஊர்க்கண்மாய்க் கரையில் நிற்பது போல இருந்தது.

வழிகாட்டி முதல் நாள் இரவே எங்கள் உடைகளைச் சோதித்தார். நண்பரின் காலுறையில் இருந்த சிவப்புக் கோட்டைக் கண்டு வேறு மாற்றச் சொன்னார். வசந்தகாலச் சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக இருக்கும் என்பதால், அந்த நிறங்களில் எதை அணிந்தாலும் புதருக்கு அப்பால் இருக்கும் இன்னொரு வேட்டைக்காரர் அதைப் பறவை என்று எண்ணிச் சுட்டுவிடக்கூடும். வான்கோழிக்கு மோப்பம் ஏறக்குறைய இல்லை. ஆனால் கண் மிகக் கூர்மை, நிறமும் தெரியும். அதனால் முகத்தையும் கையையும் வலைத்துணியால் மூடிக்கொண்டு, முதுகு மறையும் அளவுக்குப் பருத்த ஓக் மரத்தின் அடியில் அசையாமல் உட்கார வேண்டும்.

முதல் விடியலில் ஆற்றோரத்துப் பீகான் மரங்களில் அடைந்திருந்த சேவல்கள், வெளிச்சம் பரவும் முன்பே களகளவென்று குரல் கொடுத்தன. வழிகாட்டி வாய்க்குள் வைத்திருந்த சிறு சவ்வினால் பெட்டையின் குரலை இரண்டே முறை எழுப்பிவிட்டு மௌனமானார். நாற்பது நிமிடத்தில் நண்பர் தம் பறவையை வீழ்த்திவிட்டார். இரண்டாம் நாள் முழுக்கக் காற்று, ஒன்றும் வாய்க்கவில்லை.

மூன்றாம் நாள் வந்த சேவல் அறுபது கஜத்தில் நின்றுகொண்டு நகர மறுத்தது. என் குழலின் எல்லை நாற்பது. கால்மணி நேரத்துக்கும் மேலாக அது எங்கள் பொம்மைப் பெட்டையின் முன் தோகை விரித்து, சிறகின் நுனியைத் தரையில் உரசிக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தது. வான்கோழியின் சிறகு பொல்லாச் சிறகு என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவன் நான். வெயில் பட்டதும் அந்தக் கறுப்புக்குள்ளிருந்து செம்பும் பச்சையும் எழுந்ததைப் பார்த்தபோது, மயிலோடு ஒப்பிட்டு அதைத் தாழ்த்தியது அநியாயம் என்றே பட்டது. பிறகு அது மெல்ல நெருங்கி முப்பத்தைந்து கஜத்துக்கு வந்தது. தோகை விரித்திருக்கும்போது கழுத்து உள்ளடங்கியிருக்கும் என்பதால் அப்போது சுடுவது முறையல்ல. வழிகாட்டி ஒரு சிறு ஒலி எழுப்பினார். சேவல் தோகையைச் சுருக்கிக் கழுத்தை நீட்டியது. ஒரே தோட்டா.

உரிமத்தோடு வந்த சீட்டில் மாதத்தையும் தேதியையும் வெட்டி, பண்ணையின் பெயரை மையால் எழுதி, உடனே காலில் கட்டினோம். எடை எட்டு கிலோவுக்குச் சற்று மேல். அன்றிரவு நெஞ்சுக்கறியை மெஸ்கீட் விறகில் வாட்டினார் வழிகாட்டி. கால்கறியை நண்பர் மிளகும் பூண்டும் தட்டிப்போட்டுக் குழம்பு வைத்தார். வாட்டியதைவிடக் குழம்பு நன்றாக இருந்தது, வழிகாட்டியின் தட்டைப் பார்த்தால் அவரும் மறுக்கமாட்டார் என்று தெரிந்தது. மீதியைப் பண்ணைக் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டோம். பறவைக் காய்ச்சல் காரணமாக இறைச்சியையும் இறகையும் எல்லை கடத்துவதில் அடிக்கடி மாறும் விதிகளோடு இன்னொரு முறை மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

என் துப்பாக்கி மொத்தம் ஒருமுறை வெடித்தது. அடுத்த பயணத்தில் நானும் இரவல் வாங்கிக்கொள்வேன் என்று நண்பரிடம் ஒப்புக்கொண்டேன்.

டொரண்டோவில் இறங்கியதும் கனடிய அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொல்லி, அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசை எண்ணை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். பாதியில் நிறுத்தி, விளக்கைக் குழலுக்கு அருகே பிடித்து, "இது எட்டா, பி-யா?" என்று கேட்டார்.

"பி" என்றேன்.