கோலாலம்பூர் மூன்று நாள்: டிக்கெட்டில் பிடித்த மிச்சம் எங்கே போகிறது?

சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. ஏறக்குறைய 4 மணி நேரம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து விசா வேண்டாம், 30 நாள் வரை தங்கலாம்; இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். ஆஃபரில் டிக்கெட் போட்டதும் பாதிக் கிணறு தாண்டிவிட்டதாக ஒரு நினைப்பு வரும். காசு கரைவதென்னவோ இறங்கிய பிறகுதான். விமான நிலையம் ஊரைவிட்டு 50 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. நள்ளிரவில் கிளம்பும் விமானம் விடியற்காலையில் கொண்டுபோய் இறக்கும். ஹோட்டல் அறையோ மதியம் 2, 3 மணிக்குத்தான் கிடைக்கும். இந்த மூன்றையும் முதலில் கணக்கில் எடுத்துக்கொண்டு, அப்புறம் விலையைப் பாருங்கள்.

டிக்கெட்டில் முதல் பொறி தேதி. சனிக்கிழமை 00:15 என்று போட்டிருந்தால் வெள்ளிக்கிழமை ராத்திரி 9 மணிக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். சனிக்கிழமை ராத்திரி பெட்டியோடு வந்து நிற்பவர்கள் இன்றும் உண்டு. போட்ட காசு அத்தோடு சரி. ஹோட்டல் தேதியையும் இதை வைத்துத்தான் போட வேண்டும். சனி காலை இறங்கி ஞாயிறு ராத்திரி திரும்பினால் ஒரே ஒரு இரவு வாடகை போதும். மலேசிய நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது பெயர். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். டிக்கெட் தளம் இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். அப்பா பெயரையோ இனிஷியலையோ அங்கே போட்டால் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாது. ஒரே பெயர் உள்ளவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று விமான நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் போட்டிருக்கும். பெரும்பாலும் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்வார்கள். டிக்கெட் போட்ட பிறகு பெயரைத் திருத்துவது, மலிவு டிக்கெட்டில் இன்னொரு டிக்கெட் வாங்குகிற கதை.

மூன்றாவது பெட்டி. ஏர்ஏசியாவில் கையில் கொண்டுபோக இரண்டு பை, இரண்டும் சேர்ந்து 7 கிலோ. பெரியது 56 x 36 x 23 சென்டிமீட்டர், சின்னது 40 x 30 x 10. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியே இரண்டரை மூன்று கிலோ இழுத்துவிடும், துணிக்கு என்ன மிஞ்சும்? மூன்று நாளுக்குத் துணிப் பை போதும். போகும்போது 7 கிலோவில் சமாளித்துவிட்டு, திரும்பும்போது மைலோ, வெள்ளை காபி பாக்கெட் என்று வாங்கிக் கவுன்ட்டரில் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம். வாங்குகிற எண்ணம் இருந்தால், வருகிற டிக்கெட்டுக்கு மட்டும் செக்-இன் பெட்டியை முன்கூட்டியே ஆன்லைனில் சேர்த்துவிடுங்கள். அதே எடைக்குக் கவுன்ட்டரில் கேட்கிற தொகையைக் கேட்டால் வாங்கிய பொருளை அங்கேயே வைத்துவிட்டு வரத் தோன்றும். பணம் கட்டும் பக்கத்துக்கு வந்ததும் சீட், சாப்பாடு, இன்ஷூரன்ஸ் எல்லாம் டிக் ஆகி இருக்கிறதா என்று ஒருமுறை மேலிருந்து கீழே பாருங்கள். இன்ஷூரன்ஸை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நீக்கிவிடாதீர்கள். வெளியில் விலை விசாரித்து எங்காவது ஒன்று போட்டுக்கொள்வது நல்லது.

விசா இல்லை என்பதால் தாளே வேண்டாம் என்று அர்த்தமில்லை. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். டிஜிட்டல் வருகை அட்டை என்று ஒரு படிவம் உண்டு. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். இலவசம். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் காசு கேட்கும் தனியார் தளங்கள்தான். மலேசியக் குடிநுழைவுத் துறையின் (இமிகிரேஷன்) தளத்தில் மட்டும் நிரப்புங்கள். தங்கும் இடத்தின் முகவரியை அஞ்சல் குறியீட்டோடு கேட்கும், ஹோட்டல் உறுதிச்சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். வருகிற தேதி என்பது இறங்குகிற தேதி. நள்ளிரவு விமானக்காரர்கள் இங்கேயும் தவறு செய்கிறார்கள்.

குடிநுழைவுக் கவுன்ட்டரில் திரும்பும் டிக்கெட், ஹோட்டல் புக்கிங், கையிருப்பு மூன்றையும் கேட்கலாம். தனியாகப் போகும் இளைஞர்களிடம் கேள்வி கொஞ்சம் கூடுதலாகவே வரும். எல்லாவற்றையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள், அந்த வரிசையில் நின்றுகொண்டு வைஃபை தேட முடியாது. பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். முத்திரை (வேலைக்காக வெளிநாடு போகுமுன் அரசின் அனுமதி வேண்டும் என்ற குறிப்பு) இருக்கலாம். அந்தப் பட்டியலில் உள்ள 18 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. சுற்றுலாவுக்குப் போக அது தடை இல்லை. ஆனால் இங்கே நம் ஊர் கவுன்ட்டரிலேயே திரும்பும் டிக்கெட்டைக் கேட்பார்கள். அப்பா அம்மாவை அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது அந்த 50 சொச்சம் கிலோமீட்டர். ஏர்ஏசியா இறங்குவது டெர்மினல் 2, மலேசியா ஏர்லைன்ஸ் டெர்மினல் 1. கேஎல்ஐஏ (கோலாலம்பூர் விமான நிலையம்) எக்ஸ்பிரஸ் ரயில் அரை மணி நேரத்தில் நகரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலில் விடும், ஆளுக்கு 55 ரிங்கிட். மனக்கணக்குக்கு ஒரு ரிங்கிட்டை 22 ரூபாய் என்று வைத்தால் 1,210 ரூபாய். போக வர இரண்டு பேருக்கு 4,840 ரூபாய். அதே கேஎல் சென்ட்ரலுக்கு டெர்மினல் 2-இன் கீழ்த்தளத்திலிருந்து பஸ் போகிறது, 15 ரிங்கிட் அளவில். ஒரு மணி நேரம் ஆகும். விடியற்காலை 6 மணிக்கு இறங்கி, 3 மணிக்கு அறை கிடைக்கப்போகிற ஆளுக்கு அரை மணி நேரத்தை மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது? பஸ்ஸில் ஏறித் தூங்கலாம். திரும்பும்போதுதான் யோசிக்க வேண்டும். மாலை நெரிசலில், அதுவும் மழை பிடித்துக்கொண்டால், பஸ் ஒரு மணி நேரத்தில் போய்விடும் என்று நம்ப முடியாது. அன்றைக்கு மட்டும் ரயிலுக்குக் காசு கொடுப்பதில் தப்பில்லை.

நடுவில் இன்னொரு வழியும் இருக்கிறது. கேஎல்ஐஏ டிரான்சிட் என்ற நின்று போகும் ரயிலில் புத்ராஜெயா வரை வந்து, அங்கே எம்ஆர்டி (மெட்ரோ) புத்ராஜெயா பாதைக்கு மாறினால் டிஆர்எக்ஸ் வணிக வட்டாரம், பெட்ரோனாஸ் கோபுரம் இருக்கும் கேஎல்சிசி பக்கமெல்லாம் நேராகப் போகலாம். எக்ஸ்பிரஸ் கட்டணத்தில் பாதிகூட ஆகாது. ஆனால் எம்ஆர்டியில் நிறைய நிறுத்தங்கள். ஹோட்டல் அந்தப் பாதையில் இருந்தால் மட்டும் இது லாபம். மூன்று நான்கு பேர் சேர்ந்து போகிறீர்கள் என்றால் கணக்கே தலைகீழ்: நால்வருக்கு எக்ஸ்பிரஸ் 220 ரிங்கிட். கிராப் வண்டி (செயலியில் கூப்பிடும் டாக்ஸி) சுங்கத்தோடு சேர்த்தும் பெரும்பாலும் அதில் பாதியில் முடிந்துவிடும், வாசலிலேயே விடுவார்கள்.

அறையை விலை வரிசைப்படி தேடாதீர்கள், ஸ்டேஷன் பெயரைப் போட்டுத் தேடுங்கள். குறைந்த பட்ஜெட்டுக்குப் பசார் செனி, மஸ்ஜித் ஜாமெக் இரண்டும் சிறந்த இடங்கள். இரண்டிலுமே ஒன்றுக்கு மேற்பட்ட ரயில் பாதைகள் சந்திக்கின்றன, மலிவான சாப்பாட்டுக் கடைகள் காலடியில். பிரிக்ஃபீல்ட்ஸ் கேஎல் சென்ட்ரலுக்கு எதிரிலேயே இருக்கிறது. நம் சாப்பாடு வேண்டும், பெரியவர்கள் கூட வருகிறார்கள் என்றால் அதுதான் சரி. புக்கிட் பிந்தாங் ராத்திரியில் கலகலப்பாக இருக்கும், அறை வாடகையிலும் அந்தக் கலகலப்பு தெரியும். பத்து ரிங்கிட் மிச்சம் என்று ஸ்டேஷனிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிப் போட்டால் தினம் இரண்டு தடவை கிராப் பிடிப்பீர்கள்.

புக்கிங் பக்கத்தில் கண்ணில் படாத விஷயங்கள் மூன்று. ஒன்று, சுற்றுலா வரி. வெளிநாட்டவர் தங்கினால் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட், பெரும்பாலும் ஹோட்டலிலேயே தனியாக வாங்குவார்கள். இரண்டு, டெபாசிட், 50 அல்லது 100 ரிங்கிட் கேட்கிற இடங்கள் உண்டு. ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்குவது நல்லது, கார்டில் பிடித்தால் திரும்பி வர நாளாகும். மூன்று, ஜன்னல். இந்த ஊரின் மலிவு அறைகளில் பல ஜன்னலே இல்லாதவை. அறை விவரத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். தூங்க மட்டும்தான் அறை என்றால் பரவாயில்லை; ஈரத்துணி காயாமல் இரண்டாம் நாள் ஒரு வாடை வரும், அவ்வளவுதான்.

காலையில் போய்ப் பெட்டியை ரிசப்ஷனில் வைத்துவிட்டு நேராகப் பத்துமலை கிளம்பலாம். கேஎல் சென்ட்ரலிலிருந்து கேடிஎம் கொமுட்டர் ரயில், கடைசி ஸ்டேஷனே பத்துமலை. மூன்று ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும். மெட்ரோ மாதிரி ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வராது. நேர அட்டவணை பார்க்காமல் போனால் பிளாட்பாரத்திலேயே அரை மணி நேரத்துக்கு மேல் போய்விடும். நடுவில் பெண்களுக்கான பெட்டி ஒன்று உண்டு, இளஞ்சிவப்பு எழுத்து இருக்கும். அவசரத்தில் ஏறிய ஆண்களை இறக்கி அனுப்புவார்கள். 272 படிகள், 42.7 மீட்டர் முருகன் சிலை, மேலே பெரிய குகைக்குக் கட்டணம் கிடையாது. கீழே உள்ள சில குகைகளுக்கு மட்டும் உண்டு. அரைக்கால் சட்டை, குட்டைப் பாவாடையோடு வரும் பெண்களை முழங்காலை மூடாமல் மேலே விடமாட்டார்கள். துணியை வாடகைக்குத் தருகிறார்கள். ஒரு துண்டு கையோடு இருந்தால் அந்தச் செலவும் இல்லை. அர்ச்சனைத் தேங்காய், வாழைப்பழம், ஏன், தண்ணீர் பாட்டிலைக்கூடக் கையில் தொங்கவிட்டுப் படியேறாதீர்கள். பறிப்பதற்கென்றே குரங்குகள் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கும். 10 மணிக்கு மேல் வெயில் படியில் இறங்கிவிடும்.

சாப்பாட்டில் இந்த ஊரை மிஞ்ச முடியாது. மாமாக் கடை என்பது தமிழ் முஸ்லிம்கள் தொடங்கி வளர்த்த உணவகம், பல கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கும். ரொட்டி சானாய் என்பது நம் பரோட்டாவின் ஒன்றுவிட்ட தம்பி. சும்மா வேண்டுமென்றால் ‘ரொட்டி கோசோங்’ என்று கேளுங்கள், இரண்டு ரிங்கிட் அளவில் முடிந்துவிடும். தே தாரிக் (இழுத்து ஆற்றிய டீ) பாலும் சர்க்கரையுமாகத்தான் வரும். ‘தே ஓ’ என்றால் பால் இல்லாதது, ‘தே ஓ கோசோங்’ என்றால் சர்க்கரையும் இல்லை. பார்சலுக்கு ‘பூங்குஸ்’. பல கடைகளில் தமிழிலேயே பேசலாம். பர்ஸ் அடிவாங்குவது நாசி கண்டாரில். சோற்றோடு ஒவ்வொரு கறியையும் கை காட்டக் காட்ட வைத்துக்கொண்டே போவார்கள், விலை கடைசியில்தான் தெரியும். கோழி, முட்டை, வெண்டைக்காய் என்றால் பயமில்லை. பெரிய இறால், கணவாய் முட்டை, மீன் தலை என்று கை நீண்டால் ஒரு வேளைச் சாப்பாட்டில் ஒரு நாள் பட்ஜெட் போய்விடும். கரண்டி இறங்குவதற்கு முன்னால் விலையைக் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். சைவக்காரர்கள் ரொட்டிக்குத் ‘தால் மட்டும்’ என்று அழுத்திச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மேலே மீன் குழம்பை ஒரு கரண்டி ஊற்றிவிடுவார்கள். வெறும் கீரைப் பொரியல் என்று நினைத்து வாங்குவதில் பெலாச்சான் எனும் இறால் விழுது இருக்கும்.

மற்றதெல்லாம் நடந்தே பார்க்கலாம். கிள்ளான், கோம்பாக் ஆறுகள் சேரும் இடத்தில் 1909-இல் கட்டிய மஸ்ஜித் ஜாமெக், எதிரே மெர்டேக்கா சதுக்கம், பசார் செனி பக்கத்தில் 1873-இல் தொடங்கிய மகா மாரியம்மன் கோயில் எல்லாம் ஒரு காலைப் பொழுதுக்குள் அடங்கும். மதியத்துக்கு மேல் இடிமழைக்கு வாய்ப்பு அதிகம், அந்த நேரத்தை மியூசியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோனாஸ் கோபுரத்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மேலே ஏறினால் ஊர் தெரியும், கோபுரம் தெரியாது. கேஎல்சிசி பூங்காவில் இரவு நீரூற்றுக் காட்சி இலவசம், 452 மீட்டரும் அண்ணாந்து பார்க்கத் தெரியும். ஏறியே ஆக வேண்டும் என்றால் திங்கட்கிழமை வேண்டாம், அன்று விடுமுறை.

ரொக்கத்தை நம் விமான நிலையத்தில் மாற்றாதீர்கள். நம் நகரத்துக்குள்ளேயே இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டு 300, 400 ரிங்கிட் வாங்கிக்கொண்டால் போதும். கார்டை எடுத்துப் போகிறவர்கள், வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்பும் முன்பே திறந்துவிட வேண்டும். சாதாரணக் கார்டுகளில் பல மாற்று விலைக்கு மேல் 3.5 சதவீதம் வரை பிடிக்கும், அதற்கு ஜிஎஸ்டி தனி. ஏடிஎம்மோ கடையோ ‘ரூபாயில் கட்டுகிறீர்களா?’ என்று கேட்டால் வேண்டாம், ரிங்கிட்டிலேயே என்று அழுத்துங்கள். தெரிந்த நாணயத்தைக் காட்டி மோசமான விலையில் பிடிக்கிற ஏற்பாடு அது. சார்ஜருக்கு மூன்று தட்டைக் கால் வைத்த அடாப்டரை இங்கேயே வாங்கிவிடுங்கள். நம் உருண்டைப் பிளக் அங்கே நுழையாது.

இரண்டு பேர் ஓர் அறையில் இரண்டு இரவு தங்கினால் ஆளுக்கு ஆகும் கணக்கு இது: அறை நாளுக்கு 120 ரிங்கிட், வரியோடு இரண்டு நாளுக்கு 260, அதில் பாதி 130. விமான நிலைய பஸ் இரு வழிக்கும் 30. சாப்பாடு நாளுக்கு 40 வீதம் 120. ஊருக்குள் ரயில் 30. ஒரு மியூசியம் 20. சிம் 25. கைக்காவலுக்கு 50. மொத்தம் 405 ரிங்கிட், சுமார் 8,900 ரூபாய். கடைசி நாள் மட்டும் எக்ஸ்பிரஸ் என்றால் இன்னொரு 40 ரிங்கிட் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சும் சில்லறை நாணயத்தை இங்கே எந்த மாற்றுக் கடையும் வாங்காது. கிளம்புகிற அன்று மாமாக் கடையில் நாணயத்தை எல்லாம் கொட்டி, ரொட்டி சானாய் இரண்டு பூங்குஸ் வாங்கிக்கொள்ளுங்கள். விமானத்தில் விற்கும் சாப்பாட்டுக்குக் கொடுக்கிற காசும் மிச்சம். குழம்புப் பொட்டலத்தை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பாதுகாப்புச் சோதனையில் திரவம் என்று எடுத்துப் போட்டுவிடுவார்கள்.