முவோனியோ: ஏரி உறையும் வரை

டிசம்பர் 2
முவோனியோ, வட பின்லாந்து. மைனஸ் 14. ஏரியில் ஐஸ் 9 செ.மீ. நாய்வண்டி போகப் போதாது.

டிசம்பர் 3
வண்டி இழுக்கும் நாய் ஹில்லாவின் வலது முன்கால் மணிக்கட்டில் லேசான சூடு. மடக்கினால் பாதம் முன்கையைத் தொடும் அளவுக்கு வர வேண்டும். பாதியிலேயே காலை உருவிக்கொள்கிறாள். பொருக்குத் தட்டிய பனியில் கால் புதைந்து புதைந்து எழுந்தால் வருவது இது. ஓட்டம் கிடையாது. தைலம் தேய்த்து, இரவுக்கு நியோப்ரீன் ரப்பர் பட்டை.

டிசம்பர் 5
தாங்களே நாய்வண்டி ஓட்டும் விருந்தினர்களுக்கு எவ்வளவோ சொல்ல வேண்டியிருந்தாலும் முதலில் ஒன்றுதான்: கைப்பிடியை விடக் கூடாது, விழுந்தாலும். ஆளில்லாத வண்டி நிற்காது. முன்னால் போகும் நாய்கள் மேல் ஏறும், கயிறு சிக்கும், கடி விழும்.

அடுத்தது பிரேக். நிற்கும்போது இரண்டு காலும் கம்பி பிரேக் மேல், முழு எடையோடு. ஒற்றைக்காலை வைத்துக்கொண்டு போட்டோ எடுத்தால், ஐந்து அலாஸ்கன் ஹஸ்கி நாய்கள் சேர்ந்து ஒரு துள்ளு துள்ளினாலே வண்டி கிளம்பிவிடும். இறக்கத்தில் பின்னால் இழுபடும் ரப்பர் பாயை மிதித்தபடியே வர வேண்டும். மிதிக்காவிட்டால் வண்டி நாய்களை முந்தும், நாய்களை வண்டியோடு பிணைக்கும் நடுக்கயிறு தொய்யும், அதில் கால் மாட்டும். கடைசி ஜோடியின் பின்னங்கால்களில் வண்டி இடிக்கும். "கயிறு விறைப்பா இருக்கான்னு மட்டும் பாருங்க" என்றால் போதும், பிடித்துக்கொள்கிறார்கள்.

ஏரி வழி திறக்காததால் எல்லாரும் காட்டு வழி இறக்கத்தில்தான் போக வேண்டியிருக்கிறது. அடிவாரத்திலேயே வளைவு. எனக்கு அந்த வளைவு பிடிக்கவில்லை.

டிசம்பர் 6
ஹில்லா அப்படியேதான். சாப்பிட்டாள்.

டிசம்பர் 8
ராத்திரி முழுக்கப் பனி, 20 செ.மீ. எல்லாருக்கும் கொண்டாட்டம். ஏரிக்கு இது கெடுதல். பனி கம்பளி மாதிரி மூடிக்கொள்வதால் கீழே ஐஸ் தடிப்பது மந்தமாகிறது. அதன் பாரத்தில் ஐஸ் அமுங்க, விரிசல் வழியே தண்ணீர் மேலேறிப் பனிக்கு அடியில் சேறாக நிற்கும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நாய்கள் அதில் இறங்கினால் விரலிடுக்கில் ஐஸ் உருண்டை கட்டும். வண்டி நின்றால் சறுக்குக் கட்டைகள் அங்கேயே உறைந்து பிடித்துக்கொள்ளும்.

டிசம்பர் 10
மைனஸ் 27. கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இறைச்சி போட்ட வெந்நீர், நாய் ஒன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல். இந்தக் குளிரில் வெறும் தண்ணீரைத் தொடாத நாய்கூட இதை நக்கிக் காலி செய்யும். தோள் தோலைக் கிள்ளி விட்டால் சட்டென்று படிய வேண்டும். மெதுவாகப் படிந்தால் அந்த நாய்க்கு இன்று ஓட்டமில்லை. நாய்களின் காலுறைப் பட்டையை இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும், தளர்த்தினால் பாதி வழியில் கழன்று போகும். கயிற்றின் பித்தளைக் கொக்கிகள் உறைந்துவிட்டன. வாயால் ஊதக் கூடாது, மூச்சின் ஈரமே திரும்ப உறையும். மெல்லிய கையுறையோடு உள்ளங்கையில் பொத்தி வைத்தால் இளகும்.

டிசம்பர் 12
பிளஸ் 1. மழை!

பாதை முழுக்கக் கண்ணாடி. வண்டியை நிறுத்திப் பிடிக்கும் பனிக்கொக்கியைக் காலால் எத்தனை மிதி மிதித்தாலும் முனை இறங்கவில்லை, கீறல் போட்டுக்கொண்டு வழுக்குகிறது. கொக்கி பிடிக்காவிட்டால் வழியில் வண்டியை விட்டு இறங்க முடியாது. ஒரு நாய்க்குக் கயிறு சிக்கினால் யார் போய் எடுப்பது? மரத்தில் கட்டலாம், ஆனால் சிக்கல் மரம் பார்த்து வருவதில்லை. பயணம் ரத்து, முழுப் பணமும் திரும்ப. "நாய்கள் ஓடத்தானே குரைக்கின்றன" என்று ஒருவர் விடாமல் கேட்டார். குரைக்கும். மணிக்கட்டு வீங்கியிருந்தாலும்தான் குரைக்கும். ஹில்லா காலையிலிருந்து அதைத்தான் செய்கிறாள்.

டிசம்பர் 13
மைனஸ் 9. ஏரி ஐஸைத் துளைத்தோம். 17 செ.மீ., அதில் மேல் 6 பனி ஊறி உறைந்த வெள்ளை ஐஸ். வெள்ளைக்குப் பாதி பலம்தான், ஆகவே கணக்குக்கு 14. ஸ்னோமொபைலுக்கு (பனியில் ஓடும் மோட்டார் வண்டி) 15 வேண்டும், அது போய்ப் பாதை அழுத்தாமல் நாய்வண்டி போகாது. ஓடை விழும் இடத்தில் மொத்தமே 8.

டிசம்பர் 14
ஹில்லாவின் காலில் சூடு இல்லை. முழுசாக மடக்க விடுகிறாள்! நாளை 3 கி.மீ., ஆளேற்றாத வண்டியில், இரண்டாவது வரிசையில். முன்னால் விட்டால் வேகத்தைக் குறைக்க மாட்டாள். கடைசி ஜோடியில் பாரம் அதிகம். அதற்கு முன் ஏரியில் மறுபடி துளைக்க வேண்டும், ஓடையிலிருந்து தள்ளி, நாணல் ஓரத்தையும் விட்டு.