ஐ.சி.ஏ.ஆர். முதுகலை நுழைவுத் தேர்வு (மீன்வளம்): அப்பத்தா சொல்லி நான் எழுதிய நோட்டு

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.ஏ.ஆர்.) தேர்வு வழியாகப் போன வாரம் சீட் உறுதியானது. மும்பை வெர்சோவாவில் இருக்கும் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம், அதாவது சி.ஐ.எஃப்.இ. எனக்கு இது இரண்டாவது முயற்சி. தேர்வு முறை, சிலபஸ் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை. முதல் முறை எங்கே கோட்டை விட்டேன், இரண்டாம் முறை எதை மாற்றினேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

போன வருடம் 120 கேள்வியில் 117-க்குப் பதில் போட்டேன். மதுரை சென்டரை விட்டு வெளியே வரும்போது தெம்பாகத்தான் இருந்தேன். ஆன்சர் கீ வந்த அன்று ராத்திரி சரிபார்த்தால் 41 தப்பு. அதில் ஒரு தப்பைப் பார்த்துதான் அழுதேன். ஜெலிடியெல்லா என்ற கடல்பாசியிலிருந்து எடுப்பது எது என்று கேட்டிருந்தார்கள். நான் கராஜீனன் என்று போட்டிருந்தேன். விடை அகார். இரண்டுமே பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள்தான், ஆனால் வெவ்வேறு பாசி.

ஜெலிடியெல்லா அசரோசாவுக்கு எங்கள் ஊரில் மரிக்கொழுந்து என்று பெயர். பாம்பன் பக்கம் கடலோரம் எங்கள் ஊர். முப்பது வருடத்துக்கு மேல் அப்பத்தா தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், மூழ்கிப் பறித்த பாசி அது. அப்பாவின் படிப்பு, வீட்டுக் கூரைக்கு ஓடு, என் காலேஜ் முதல் வருட ஃபீஸ் எல்லாம் மரிக்கொழுந்துக் காசு. அந்தப் பாசியின் கேள்வியில் நான் தப்பு விட்டேன். ஒரு பயிற்சி மையத்து நோட்ஸை வரிக்கு வரி மனப்பாடம் செய்தேனே தவிர, அதில் இருந்த பெயரும் என் கையில் புரண்ட பாசியும் ஒன்று என்று எனக்கு ஒரு நாளும் உறைக்கவில்லை.

அப்பத்தா கடலுக்குப் போகும் கோலம் இன்னும் கண்ணில் இருக்கிறது. சேலைக்கு மேல் ஒரு பழைய சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. பாறை கிழிக்காமல் இருக்கப் பத்து விரலுக்கும் துணிக்கிழிசல் சுற்றிக்கொள்வார். பல்லால் கடித்து இழுத்து ஒவ்வொரு முடிச்சாகப் போடுவார். அந்த நேரத்தில் யாரும் அவரிடம் பேசக் கூடாது. அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டிய நாட்களில் தண்ணீர் நன்றாக வத்தும், அப்போதுதான் வேலை. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று எழுந்துவிட்டால் தென்கடல் கலங்கிவிடும், வீட்டில் இருப்பார். நிலவும் கடல்மட்டமும் எப்படிச் சேர்ந்து ஓடுகின்றன என்று காலேஜில் படித்தபோது, அப்பத்தா சுவரில் கரிக்கோடு போட்டு நாள் எண்ணியதுதான் எனக்கு நினைவு வந்தது.

கரையில் பாசியைக் காயப்போடும்போது பிரித்தெடுப்பது என் வேலை. ஏழெட்டு வயதிருக்கும். கண்ணை மூடச் சொல்லி உள்ளங்கையில் ஒரு பிடி வைப்பார்.

“என்ன பாசி, சொல்லுத்தா.”

கம்பி மாதிரி விறைத்துக் குட்டையாக இருந்தால் மரிக்கொழுந்து. சின்னச் சின்னக் காற்று முத்து விரலில் தட்டுப்பட்டால் கட்டக்கோரை. முள்ளு முள்ளாக மொத்தையாக இருந்தால் பக்கோடா. வழுவழுவென்று நழுவினால் கஞ்சிப்பாசி. தப்பாகச் சொன்னால் திட்ட மாட்டார், இன்னொரு தடவை கையில் வைப்பார். என் வாழ்க்கையில் எழுதிய முதல் பரீட்சை அதுதான். அதில் நான் தோற்றதே இல்லை.

ரிசல்ட் வந்த மறுநாள் ஒரு நோட்டு வாங்கி அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்தேன். மூழ்கி மூழ்கிக் காது மந்தமாகிவிட்டது, சத்தமாகக் கேட்க வேண்டும். பக்கத்துக்கு நாலு கோடு: ஊர்ப்பெயர், கைக்கு எப்படி இருக்கும், அறிவியல் பெயர், எதற்குப் பயன்.

மரிக்கொழுந்து, ஜெலிடியெல்லா அசரோசா, அகார். சிவப்புப் பாசி வகை, ஆனால் பார்வைக்குச் சிவப்பாகவே இருக்காது. நிறத்தை நம்பிப் படித்தவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். கஞ்சிப்பாசி, கிராசிலேரியா எடுலிஸ், அதுவும் அகார். கட்டக்கோரை சர்காசம், பக்கோடா டர்பினேரியா, இரண்டும் பழுப்பு, இரண்டிலும் ஆல்ஜின் என்ற கூழ்ப்பொருள். மூங்கில் மிதவையில் கட்டி வளர்ப்பதைப் ‘பெப்சி பாசி’ என்பார்கள். அந்தக் கம்பெனி இங்கே அதன் வளர்ப்பில் இறங்கியதால் வந்த பெயர். அதுதான் கப்பாஃபைகஸ். கராஜீனன் அதிலிருந்து. எழுதி முடிக்க ஒரு சாயங்காலம் ஆனது, அதன் பிறகு ஒரு முறைகூடக் குழம்பவில்லை.

பாசியில் நாலைந்து கேள்விதானே வரும் என்பீர்கள். உண்மைதான். ஆனால் நோட்டு அதோடு நிற்கவில்லை. பேச்சாளை சார்டினெல்லா லாங்கிசெப்ஸ், ஓரா சைகானஸ், விளைமீன் லெத்ரினஸ், காரல் லியோக்னாதஸ், ஆவுளியா என்ற கடல்பசு டூகாங். கானாங்கெளுத்தி ராஸ்ட்ரெல்லிகர் கனகுர்டா, கனகுர்டாவின் ‘க’வே கை கொடுக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் மண்டபம் கூட்டத்து ஏழையும் அப்பத்தா கோலப்புள்ளி வைப்பது போல் வரிசையாகச் சொன்னார்: சிங்கிள், குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலிபுட்டி, மனோலி, முயல். கீழக்கரை 7, வேம்பார் 3, தூத்துக்குடி 4 என்று மிச்சத்தை நான் சேர்த்துக்கொண்டேன். 1986-ல் தேசியப் பூங்கா, 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம். அந்த 1986 அப்பத்தாவுக்கு வேறு மாதிரி நினைவிருக்கிறது. தீவுப் பக்கம் போனால் விரட்டத் தொடங்கிய காலம் என்பார். இரண்டையும் ஒரே வரியில் எழுதி வைத்தேன், வருடம் மறக்கவே இல்லை.

ஒரு எச்சரிக்கை. ஊர்ப்பெயர் ஊருக்கு ஊர் மாறும். எங்களுக்குச் சீலா என்றால் சென்னைக்காரர்கள் சொல்லும் வஞ்சிரம், ஸ்காம்பரோமோரஸ். அவர்களுக்கு ஷீலா என்றால் நாங்கள் சொல்லும் ஊளி, ஸ்பைரீனா. சென்னைத் தோழி நோட்டைப் பார்த்து நான் எழுதினால் இரண்டு கேள்வி போச்சு. உங்கள் நோட்டை உங்கள் கரையில் எழுதுங்கள்.

மற்றவை சுருக்கமாக:

- குரூப் ஸ்டடி வேண்டாம். எனக்கு ஒத்துவரவில்லை, அமைதியாக இருப்பவர்கள் யாருக்கும் ஒத்துவராது என்றே நினைக்கிறேன்.
- விடிகாலை நாலு முதல் ஏழு வரை மட்டும் புதுப் பாடம். பகலில் திருப்புதல்.
- அக்வாகல்ச்சர் கணக்குகளைத் தினம் ஐந்து போடுங்கள். பதப்படுத்துதலில் வெப்பநிலை, நேரம் இரண்டையும் தனித்தாளில்.
- பழைய கேள்வித்தாள்களை மூன்று முறை. மூன்றாம் முறை, தப்பான ஆப்ஷன் ஏன் தப்பு என்று எழுதுங்கள்.
- ஃபோனில் நோட்ஸ் எடுக்காதீர்கள். கையால்தான்.

இனி நெகடிவ் மார்க். சரிக்கு 4, தப்புக்கு 1 போகும். தெரியவே தெரியாத கேள்வியில் கண்ணை மூடித் தொட்டால் கணக்குப்படி நஷ்டமில்லை, நாலில் ஒன்று சரியானாலே 4 வரும், மூன்று தப்பில் 3 தான் போகும். என்னைக் கவிழ்த்தது பாதி தெரிந்த கேள்விகள். பாதி தெரிந்தவர் எதைத் தொடுவார் என்று யோசித்துத்தான் அந்த ஆப்ஷனை வைக்கிறார்கள். கராஜீனன் அப்படித்தான் அங்கே உட்கார்ந்திருந்தது.

இதை அப்பத்தாவிடம் சொன்னபோது, “மூச்சு முட்டறப்ப ஒரு பிடி நல்லாத் தெரியும், கைக்கு எட்டற மாதிரியே இருக்கும். அதுக்குக் கை நீட்டக் கூடாது” என்றார். கூட மூழ்கிய ஒருவர் அப்படிக் கை நீட்டி, தலை பாறையில் இடித்து மயங்கி மேலே வந்ததைச் சொன்னார். இந்த முறை 16 கேள்வியைத் தொடவில்லை. எல்லாமே எட்டுகிற மாதிரி இருந்தவை. தப்பு 13 தான்.

சான்றிதழ்களை இப்போதே ஸ்கேன் செய்து வையுங்கள். சாதிச் சான்றிதழ் மத்திய அரசு வடிவத்தில் வேண்டும், கடைசி வாரத்தில் தாலுகா ஆபீஸுக்கு ஓடாதீர்கள்.

சீட் கிடைத்த செய்தியை அப்பத்தா காதில் கத்திச் சொன்னேன். “அங்கயும் கடல்தானா?” என்றார். ஆமாம் என்றேன். “வத்தம் எப்படி?” நம் பக்கம் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காது, மும்பையில் அமாவாசை பௌர்ணமிக்கு நாலு மீட்டருக்கு மேல் என்றேன். எவ்வளவு உயரம் என்று கேட்டார். கூரையின் முகட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே அண்ணாந்து பார்த்தார்.

“அப்ப அங்க மூழ்கவே வேணாந்தா. தண்ணி வத்துனதும் நடந்து போயே பறிக்கலாம்.”