திருப்பி அனுப்பிய செருப்பும் திரும்பி வராத பணமும்

அளவு சேராத செருப்பைத் திருப்பி அனுப்பினேன். அது கடைக்குப் போய்ச் சேரவே இல்லை. "பொருள் கைக்கு வந்தால்தான் பணம்" என்று கடைக்காரர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

இதில் முதலில் பார்க்க வேண்டியது, அனுப்ப ஏற்பாடு செய்தது யார் என்பதுதான். என் பெட்டியில் ஒட்டியிருந்தது கடையே கட்டணம் கட்டி அனுப்பிய முகவரிச் சீட்டு. அப்படியென்றால் கூரியர் நிறுவனம் அவர்கள் அமர்த்திய ஆள். தொலைந்ததைத் தேடுவதும் இழப்பீடு கேட்பதும் அவர்கள் வேலை. நாமே காசு கட்டி அனுப்பியிருந்தால் கதை வேறு. பெரும்பாலும் அனுப்பியவர்தான் தபாலிலோ கூரியரிலோ புகார் கொடுத்து இழப்பீடு கேட்க வேண்டியிருக்கும். அதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடக் கூடாது.

என்னைக் காப்பாற்றியது பெட்டியை ஒப்படைத்தபோது வாங்கிய ஒரு துண்டு ரசீது. கண்காணிப்பு எண், தேதி, நேரம், பெட்டியின் எடை எல்லாம் அதில் இருந்தன. எடை ரொம்ப முக்கியம். காலிப் பெட்டி அனுப்பினாய் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த மாதிரித் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும், கையோடு படம் எடுத்து வையுங்கள்.

அப்புறம் தொலைபேசியை விட்டுவிட்டு எல்லாவற்றையும் மின்னஞ்சலில் எழுதினேன். பதில் தர ஒரு தேதி குறித்தேன். தராவிட்டால், நான் பணம் கட்டிய அட்டையைக் கொடுத்த வங்கியில் முறையிடுவேன் என்றும் சொன்னேன். பணம் முழுதாக வந்தது.