உடம்பு தேறியது, ஆர்டி-பிசிஆர் தேறவில்லை

2022 ஜனவரியில், கொரோனாவின் ஓமிக்ரான் அலையின்போது, சென்னையில் எனக்குத் தொற்று உறுதியானது. காய்ச்சலும் தொண்டை வலியும் சில நாள்களில் விட்டன. வறட்டு இருமல் மட்டும் நீடித்தது. தொற்று உறுதியாகி 7 நாள் கடந்து, கடைசி 3 நாள் காய்ச்சல் இல்லாதிருந்தால் தனிமை முடிந்தது, மறுபரிசோதனை வேண்டாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அப்போது அறிவித்திருந்தது. ஆனால் மகளின் பிரசவத்துக்காக அமெரிக்காவுக்குப் பயணச்சீட்டு எடுத்திருந்த எனக்கு அது போதவில்லை. விமானம் புறப்படுவதற்கு 1 நாளுக்குள் எடுத்த பரிசோதனையில் நெகட்டிவ் வர வேண்டும் என்பது அந்நாட்டின் அப்போதைய விதி.

மறுபடி எடுத்த ஆர்டி-பிசிஆரும் பாசிட்டிவ் என்றே வந்தது. வைரஸ் தென்பட எத்தனை சுழற்சி தேவைப்பட்டது என்று காட்டும் சி.டி. மதிப்பு 30ஐத் தாண்டியிருந்தது. அது கூடக்கூட வைரஸ் குறைவு, அதாவது மிகக் குறைந்த அளவே மிச்சம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) பாசிட்டிவுக்கு வகுத்த எல்லை 35 என்பதால் முடிவில் பிழையில்லை. இந்தப் பரிசோதனை வைரஸின் மரபணுத் துணுக்குகளைத்தான் தேடுகிறது. உயிருள்ள வைரஸ் போய்விட்ட பிறகும் அத்துணுக்குகள் 90 நாள் வரை தென்படலாம். இதைச் சொல்ல வேண்டிய லேப்பிலோ, "இன்னும் இருக்கு மேடம், நாலு நாள் கழிச்சு வாங்க" என்று ஒவ்வொரு முறையும் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். வைரஸின் புரதத்தைத் தேடும் விரைவுப் பரிசோதனையான ஆன்டிஜென் பரிசோதனையையும் அமெரிக்கா ஏற்றது, அது பெரும்பாலும் முன்னதாகவே நெகட்டிவ் ஆகிவிடும் என்பதையும் ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. பயணத் தேதி போயிற்று.

வழியைக் கண்டுபிடித்தவர் மாப்பிள்ளை. பயணத்துக்கு முந்தைய 90 நாளுக்குள் வந்த பாசிட்டிவ் அறிக்கையும், குணமாகிவிட்டார், பயணம் செய்யலாம் என்று மருத்துவர் தரும் கடிதமும் இருந்தால் நெகட்டிவ் தேவையில்லை என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசியின் இணையதளத்திலேயே இருந்தது. அதை அச்செடுத்து அருகிலிருந்த மருத்துவமனைக்குக் கொண்டு போனால், "நெகட்டிவ் வந்தால்தான் கடிதம் தருவோம்" என்றார்கள். நெகட்டிவ் வந்தால் இந்தக் கடிதம் எதற்கு என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை. எங்கள் குடும்ப மருத்துவர்தான், மருத்துவமனைப் பெயர், முகவரி, தொலைபேசி எண் அச்சிட்ட தாளில் தேதியிட்டுக் கையெழுத்திட்டுத் தந்தார்.

அடுத்த சிக்கல் பெயர். கடவுச்சீட்டில் என் தந்தையின் பெயர் முழுமையாக இருக்க, லேப் அறிக்கையில் வெறும் இனிஷியல். பிறந்த தேதிக்குப் பதிலாக வயது. இரண்டு தாள்களிலும் பெயரும் இன்னோர் அடையாளமும் கடவுச்சீட்டோடு பொருந்தியாக வேண்டும் என்பதால், கடவுச்சீட்டு எண்ணைச் சேர்த்து அறிக்கையைத் திருத்தி வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. பயணத்துக்காகப் பரிசோதனை எடுப்பவர்கள், மாதிரி கொடுக்கும்போதே கடவுச்சீட்டை நீட்டிவிடுவது நல்லது. தடுப்பூசிச் சான்றிதழும் அப்போது தனியே வேண்டியிருந்தது. குணமான கடிதம் அதற்கு ஈடாகவில்லை.

விமான நிலைய கவுன்ட்டரில் இருந்த இளைஞர் 'பாசிட்டிவ்' என்ற சொல்லைக் கண்டதும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். மேலதிகாரியிடம் சிடிசி பக்கத்தின் அச்சை நீட்டி, 90 நாள் என்ற வரியைச் சுட்டிக்காட்டிய பிறகுதான் போர்டிங் பாஸ் கைக்கு வந்தது.

அதே ஆண்டு ஜூன் 12 அன்று, நெகட்டிவ் வேண்டும் என்ற அந்த விதியையே அமெரிக்கா நீக்கிவிட்டது. தேதி மாற்றியதற்கான கட்டணத்தைக் கேட்டு நான் எழுதிய மின்னஞ்சலுக்கு, பயணியின் பரிசோதனை முடிவுக்கு விமான நிறுவனம் பொறுப்பல்ல என்று பதில் வந்தது.