கிட்டார் ஆம்புக்குப் புது ஸ்பீக்கர்: முதலில் ஓம், பிறகு டெசிபல், வாட் கடைசியில்

ஸ்பீக்கர் மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் "எத்தனை வாட்?" என்றுதான் கடையில் கேட்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது ஓம், அதாவது ஆம்பிலிருந்து வரும் கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையின் அளவு.

ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியரையே எடுத்துக்கொள்வோம். 15 வாட் வால்வ் (கண்ணாடிக் குழாய்) ஆம்ப். 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, 8 ஓம். இதற்கு 8 ஓம் ஸ்பீக்கர்தான் போட வேண்டும். வால்வ் ஆம்பின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் குறிப்பிட்ட ஓமுக்கென்றே சுற்றப்பட்டது. ஸ்பீக்கர் மாட்டாமலே ஆம்பை ஓட்டி வாசித்தால் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி இன்சுலேஷன் போய்விடும். வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டர் வைத்த சாலிட் ஸ்டேட் ஆம்பில் கணக்கு வேறு. ஓம் கூடினால் பவர் குறையும், ஆபத்தில்லை. குறைந்தால் டிரான்சிஸ்டர்கள் சூடேறிக் கருகும்.

லேபிள் அழிந்துபோயிருந்தால் வயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6 முதல் 7 வரை காட்டும். அது பழுதல்ல, மீட்டர் காட்டுவது கோனை அசைக்கும் காயிலின் (கம்பிச் சுருளின்) டிசி ரெசிஸ்டன்ஸை மட்டும்தான்.

அடுத்தது டெசிபல்: ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் ஸ்பீக்கர் எழுப்பும் சத்தத்தின் அளவு. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வாட் என்பது ஸ்பீக்கர் தாங்கும் அளவு, சத்தத்தின் அளவு அல்ல. செலஸ்டியன் கம்பெனியின் கிரீன்பேக் ஸ்பீக்கர் 25 வாட், 98 டெசிபல். அதே கம்பெனியின் ஆல்னிகோ புளூ 15 வாட்தான், ஆனால் 100 டெசிபல். ஒரே ஆம்பில் புளூதான் உரக்கப் பாடும். 3 டெசிபல் கூடினால் ஆம்பின் பவரை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். வீட்டில் வாசிப்பவருக்குக் குறைந்த டெசிபலே வரம்.

இருந்தாலும் 15 வாட் ஆம்பில் ஒற்றைப் புளூவை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முழு டிஸ்டார்ஷனில் (ஒலி உடைந்து கரகரக்கும் அளவுக்குத் திருகும்போது) வால்வ் ஆம்ப் குறித்த வாட்டைத் தாண்டித் தள்ளும், காயில் எரியும். ஆம்பின் வாட்டைப்போல் இரண்டு மடங்கு தாங்கும் ஸ்பீக்கர் நிம்மதி. செலஸ்டியனின் 60 வாட் விண்டேஜ் 30 ஸ்பீக்கர் தாராளமாகத் தாங்கும், ஆனால் அதன் மேல்-மிட் (நடுத்தர ஒலியின் மேல் பகுதி) தூக்கலாக இருக்கும். ஏற்கெனவே கூரான ஆம்பில் காதைக் குத்தும்.

விலை மலிவு என்று ரப்பர் விளிம்பு வைத்த ஹோம் தியேட்டர் ஊஃபரைப் போடாதீர்கள். கிட்டார் ஸ்பீக்கரின் கோன் லேசான காகிதம், விளிம்பும் விறைப்பு. 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அது சட்டென்று அடங்குவதால்தான் டிஸ்டார்ஷன் இரைச்சலாகாமல் இனிமையாகக் கேட்கிறது.

வாங்குமுன் ஸ்பீக்கரின் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் உள்ள காம்போவில் பெரிய காந்தம் வால்விலோ டிரான்ஸ்ஃபார்மரிலோ இடிக்கலாம்.

மாட்டும்போது பவர் கார்டைப் பிடுங்கிவிடுங்கள். அப்போதும் கெபாசிட்டர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கியிருக்கும், சேஸிஸுக்குள் கை வைக்காதீர்கள். காந்தம் ஸ்க்ரூடிரைவரை இழுக்கும்; புதுக் கோன் கிழிவது பெரும்பாலும் அப்படித்தான். நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் சட்டம் கோணி, காயில் காந்தத்தில் உரசும். கோனின் இரு பக்கமும் விரல்களை வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள்: கரகரப்புக் கேட்டால் உரசுகிறது என்று பொருள்.

இரண்டு ஸ்பீக்கர் உள்ள ஆம்பில் பிளஸ், மைனஸ் மாறினால் பேஸ் காணாமல் போகும். 1.5 வோல்ட் பேட்டரியை ஒவ்வொரு ஸ்பீக்கரின் முனைகளிலும், பிளஸுக்குப் பிளஸாக, ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். இரண்டு கோனும் ஒரே திசையில் நகர வேண்டும்.

புது ஸ்பீக்கர் முதல் நாளில் விறைப்பாகத்தான் ஒலிக்கும். பத்துப் பதினைந்து மணி நேரம் நல்ல சத்தத்தில் வாசித்த பிறகு முடிவெடுங்கள். அதற்குள் நட்டுகள் சற்றுத் தளர்ந்திருக்கும், அவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.